நாற்பத்தேழு துளைகள்

“வாசிக்கத் தெரிஞ்ச ஆளு யாராச்சும் இருக்காங்களா மிஸ்?”

கேட்டவருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். வெற்றிலைச் சாறு உதட்டோரத்தில் காய்ந்திருந்தது. கக்கத்தில் ஒரு பொலித்தீன் பை. கண்டி நகரத்தில் நான் வேலை பார்த்த போட்டோ கொப்பிக் கடை அது. திங்கட்கிழமை காலை. கண்ணாடி மேசைக்கு இந்தப் பக்கம் நான் மட்டும்தான் நின்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டார்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய் முடித்தவள் நான் ஒருத்திதான். பன்வில ஊருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயம் என்னும் வரிசை வீடுகளில் ஒன்றில் பிறந்தேன். அம்மாவுக்குக் கைநாட்டு. அப்பா தன் பெயரை மட்டும் படம் வரைவதுபோல வரைவார். ஒன்பது வயதிலிருந்தே எங்கள் லயத்துக்கு வரும் கடிதங்களை நான்தான் வாசித்தேன். ஆஸ்பத்திரித் துண்டு, கோர்ட்டிலிருந்து வரும் அழைப்பு, வெளிநாட்டுக்குப் போன பெண்கள் எழுதியது எல்லாம் என் கைக்குத்தான் வரும். இரவுச் சோற்றின் நடுவில் கூப்பிட்டாலும் எழுந்து போவேன். உயர்தரம் சித்தியடைந்தேன். வெளிவாரிப் பட்டப்படிப்புக்குப் பதிந்து ஞாயிற்றுக்கிழமைகளில் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். அப்படிப்பட்ட என்னிடம் ஒருவர் வந்து, வாசிக்கத் தெரிந்த ஆள் இருக்கிறார்களா என்று கேட்டுவிட்டார்.

அன்று எட்டு மணியிலிருந்து நான் செய்துகொண்டிருந்த வேலையையும் சொன்னால்தான் அப்போது என் மனம் இருந்த நிலை விளங்கும். நான் ஸ்பைரல் பொறுக்கியெடுத்துக்கொண்டிருந்தேன்.

காகிதக் கட்டின் ஓரத்தில் வரிசையாகத் துளை குத்தி, அதில் திருகி ஏற்றும் பிளாஸ்டிக் சுருளைத்தான் ஸ்பைரல் என்கிறோம். அதைத் தெரிவுசெய்வதற்கு ஒரு கணக்கு உண்டு. கட்டை மேசையில் தட்டி ஒழுங்காக்கி, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் பிடித்தால் தடிப்பு தெரியும். அதைவிடக் கொஞ்சம் அகலமான சுருள் வேண்டும். இறுக்கமானதைப் போட்டால் தாள் புரளாது, துளையிலிருந்து கிழியும். அளவுக்கு மிஞ்சி அகலமானதைப் போட்டால் கட்டு தொங்கிப்போகும். நல்ல சுருளை நசுக்கி விட்டால் பழைய வட்டத்துக்குத் திரும்பி வரும். இதெல்லாம் நான் முதல் கிழமையிலேயே பழகியவை. அளவுகோல் இல்லாமல் சொல்வேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

ஆனால் எங்கள் முதலாளி வாங்கியது புதுச் சுருள் மட்டுமல்ல. நாட்டுக்குள் பொருள் வராத அந்தக் கஷ்ட காலத்தில் ஒரு யோசனை அவருக்குத் தோன்றியிருக்கிறது. டியூஷன் பிள்ளைகள் பழைய பேப்பருக்குப் போடும் கட்டுகளிலிருந்து சுருளைக் கழற்றி மூட்டையாகக் கட்டித் தருவதற்கு கெலிஓயாவில் ஓர் ஆளைப் பிடித்துவிட்டார். காலம் மாறிப் பொருள் வந்த பிறகும் மூட்டை வருவது நிற்கவில்லை. புதுச் சுருள் இழுப்பறையில் இருந்தது. அது வக்கீல்மாருக்கும் பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கும். மூட்டையில் உள்ளது மற்றவர்களுக்கு. யார் மற்றவர்கள் என்று அவர் எனக்கு ஒருநாளும் சொல்லித் தரவில்லை. ஆளைப் பார்த்தால் தெரியும் என்பார்.

மூட்டையை அவிழ்த்தால் முதலில் மணம் வரும். பழைய புத்தகப் பை, ஊறின பிஸ்கட், கரப்பான் எச்சம் எல்லாம் சேர்ந்த ஒரு புளித்த மணம். கையை விட்டு ஒன்றை இழுத்தால் ஐந்து பின்னிக்கொண்டு வரும். சுருளின் வளைவுகளுக்குள்ளே தலைமயிர் சுற்றியிருக்கும், நீளமும் கட்டையுமாக. காய்ந்த சோற்றுப் பருக்கை, அழிறப்பர் தூள், யாரோ மூக்கை நோண்டித் தடவியது, கரப்பான் முட்டைக் கூடு. ஒரு முறை ஒரு பால் பல்லே இருந்தது. இவற்றிலிருந்து ஒடியாதவற்றைத் தெரிந்தெடுத்து, பேசின் தொட்டியில் சவர்க்காரத் தூள் கரைத்து ஊறவைத்து, பழைய பல் தூரிகையால் ஒவ்வொரு வளைவாகத் தேய்க்க வேண்டும். மயிர் மட்டும் தேய்த்தால் போகாது, நகத்தால் இழுக்க வேண்டும். அது ஈரத்தோடு விரலில் ஒட்டிக்கொள்ளும். நான் குண்டசாலையில் வாடகை அறையில் தங்கியிருந்தேன். மாலையில் அங்கே போய் மூன்று தரம் கை கழுவினாலும், சோற்றைப் பிசையும்போது அந்த மணம் எழும்பும். பல நாள் கரண்டியால் சாப்பிட்டேன்.

அந்தத் திங்கட்கிழமை என் கை பேசினுக்குள் இருந்தபோதுதான் அவர் வந்து கேட்டார். நான் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, பட்டணத்துக் குரலில் சொன்னேன்.

“நான் இருக்கிறேன். என்ன வேணும்?”

“இல்ல மிஸ், மக இத குடுத்துவிட்டிச்சு. கட்டி எடுத்துட்டு வரச்சொல்லிச்சு. நான் ஆஸ்பத்திரி கிளினிக்குக்கு வந்தேன். நல்லா வாசிக்கத் தெரிஞ்ச ஆளுகிட்டதான் குடுக்கணும்னு சொல்லிச்சு. உள்ளுக்கு…”

“ஸ்பைரல் போடணும். அவ்வளவுதானே?”

“அதுதாங்க. உள்ளுக்கு ஒரு…”

“தெரியும். வைச்சுட்டு அந்தக் கதிரையில இருங்க.”

அவர் பேச்சு எங்கள் லயத்துப் பேச்சு. அந்த ‘சொல்லிச்சு’வைக் கேட்டதுமே எனக்குள் ஒன்று சுருங்கியது. கடையில் யாருக்கும் நான் தோட்டத்துப் பிள்ளை என்று தெரியாது. ஊர் எது என்றால் குண்டசாலை என்பேன். இவர் இன்னும் இரண்டு வார்த்தை பேசினால் என் வாயிலும் அந்தப் பேச்சு வந்துவிடும் என்று பயந்தேன். பையைத் தந்தபோது அவர் விரல் என் விரலில் பட்டது. விரல்நுனியில் சுண்ணாம்பு. என் கையில் அப்போதும் யாருடையதோ மயிர் ஒட்டியிருந்தது, ஆனாலும் அவர் விரலைத்தான் நான் அருவருத்தேன். இதை எழுதுவது எனக்கு எளிதாக இல்லை.

பையிலிருந்து தாள்களை எடுத்தேன். வாசிக்கவில்லை. தட்டினேன், ஓரத்தை ஒழுங்காக்கினேன். ஒரு தாள் மற்றவற்றைவிட நீளமாக இருந்தது, கீழ்ப்பக்கத்தை மடித்தேன். குத்தும் இயந்திரத்தின் வாயில் வைத்துக் கைப்பிடியை அழுத்தினேன். ஒரே அழுத்தில் நாற்பத்தேழு துளை விழும். மொத்தம் மூன்று அழுத்து.

“வெள்ளக் கலரா இருந்தா நல்லாருக்கும்னு மக சொல்லிச்சு மிஸ்.”

“வெள்ளை முடிஞ்சுது.”

வெள்ளை இழுப்பறை நிறைய இருந்தது. நான் பேசினிலிருந்து ஒரு கறுப்பைத் தூக்கி உதறினேன். கட்டுக்கு அது இறுக்கம் என்று கை சொன்னது. இருந்தாலும் திருகி ஏற்றி, இரண்டு முனையையும் வெட்டி மடக்கிக் கொடுத்துவிட்டேன். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கி, ஈரத்தைத் தன் இடுப்புச் சறத்தில் துடைத்து, பொலித்தீன் பைக்குள் வைத்தார். போகும்போது “பெரிய உதவிங்க மிஸ்” என்றார்.

மறுநாள் கடை திறந்து கொஞ்ச நேரத்தில் அவர் திரும்பி வந்தார். பக்கத்தில் மகள். இருபத்தொரு வயதிருக்கும். மெலிந்தவள், முடியை இழுத்துப் பின்னியிருந்தாள், கண் வீங்கியிருந்தது. முதலாளியும் அன்று கடையில் இருந்தார்.

அவள் கட்டை மேசையில் வைத்தாள். குரலை உயர்த்தவில்லை.

“நேத்து இத கட்டுனது யாரு?”

“நான்தான்.”

“அப்பா கேட்டாராம், வாசிக்கத் தெரிஞ்ச ஆளு இருக்காங்களான்னு. நீங்க இருக்கேன்னு சொன்னீங்களாம்.”

அவள் முதல் தாளைப் புரட்டினாள். இறுக்கமான சுருளில் தாள் கரகரத்து, துளையோரம் கொஞ்சம் கிழிந்தது. முதல் தாள் பிறப்புச் சான்றிதழ். கொப்பி அல்ல, அசல். பதிவாளரின் நீல மை, அமுக்கிய முத்திரை, இடது ஓரமெங்கும் என்னுடைய துளைகள். அடுத்தது உயர்தரப் பரீட்சைச் சான்றிதழ், அதுவும் அசல். மூன்றாவதாகப் பயிற்சிக் கொப்பியிலிருந்து கிழித்த, கோடு போட்ட ஒரு தாள். அதில் உருண்டை எழுத்தில் எழுதியிருந்தது.

‘இவை அசல் சான்றிதழ்கள். தயவுசெய்து துளை போட வேண்டாம். போட்டோ கொப்பி எடுத்து, கொப்பிகளை மட்டும் கட்டித் தரவும். நன்றி.’

அதற்குக் கீழிருந்த பாடசாலைச் சான்றிதழ்களோடு அந்தத் துண்டையும் நான் சேர்த்துக் குத்திக் கட்டியிருந்தேன். ஒவ்வொரு வரியின் முதல் எழுத்தும் துளைக்குள் போயிருந்தது.

அந்தத் துண்டை மறுபடி வாசித்தேன்.

“வெள்ளிக்கிழம இன்டர்வியூ” என்றாள் அவள். “கல்வியியற் கல்லூரிக்கு, டீச்சராகப் படிக்க. எல்லாத்துலயும் அசல காட்டணும். போன தடவ ஒரு புள்ளியில விட்டுப்போச்சு. இந்தத் தடவதான் லெட்டர் வந்துச்சு.”

முதலாளி கட்டை வாங்கி, ஒரு தாளையும் வாசிக்காமல் விசிறிப் பார்த்தார்.

“ஒரிஜினல கொண்டுவந்து குடுத்தா நாங்க என்ன தங்கச்சி செய்ற? குடுத்தத குத்துறதுதான் எங்கட வேலை.”

“துண்டு வச்சிருந்தேனே.”

“துண்ட நடுவுல வைச்சா யாருக்குத் தெரியும்? மேல வைச்சிருக்கணும்.” பிறகு என் பக்கம் திரும்பி, எங்கள் இருவருக்குள் மட்டும் என்பதுபோல, ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். “இந்தத் தோட்டத்து ஆக்கள் எப்பவும் இப்படித்தான் பிள்ள. பேப்பர்ட பெறுமதி தெரியாது.”

அவள் அப்பா தலையைக் குனிந்துகொண்டார். “என் தப்புதாங்க மாத்தயா” என்று முதலாளியைப் பார்த்து மரியாதையாகச் சொன்னார். “எனக்கு எழுத்து தெரியாது. அது நடுவுல போயிருச்சு போல.”

அவர் தப்பல்ல. அவர் இரண்டு முறை சொல்ல வந்தார், இரண்டு முறையும் நான் வாயை அடைத்தேன். அதை அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. முதலாளி சொன்னதற்கும் பதில் சொல்லவில்லை. என்னை ‘இந்தத் தோட்டத்து ஆக்க’ளில் சேர்க்காமல் பேசியது எங்கோ ஓர் ஓரத்தில் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காறித் துப்ப வேண்டும்போல் இருக்கிறது.

நான் சுருளின் முனையை வெட்டிக் கழற்றத் தொடங்கினேன். அவள் என் கையைத் தடுத்தாள்.

“நானே கழட்டுறேன். நீங்க தொடாதீங்க.”

கழற்றும்போது சுருளின் உள்வளைவில் ஒரு நீள மயிர் இருந்ததை இருவரும் பார்த்தோம். அவள் அதை இரண்டு விரலால் இழுத்து என் பக்கம் மேசையில் வைத்தாள்.

பிறப்புச் சான்றிதழ்தான் பெரிய சிக்கல். பிரதேச செயலகத்தில் புதுப் பிரதி எடுக்கலாம், பதிவு இலக்கம் இருந்தால் பெரும்பாலும் அன்றைக்கே தருவார்கள். ஆனால் அந்த இலக்கம் தாளின் இடது ஓரத்தில், மேலே, கையால் எழுதப்பட்டிருந்தது. நான்கு இலக்கத்தில் பின்னிரண்டு இருந்தது. முன்னிரண்டு இருந்த இடத்தில் வட்டமாக ஒரு துளை. இலக்கம் தெரியாவிட்டால் பழைய பதிவேடுகளைத் தேடச் சொல்லி விண்ணப்பிக்க வேண்டும். அதற்குக் கிழமைக் கணக்காகும். அவளுக்கு இருந்தது மூன்று நாள்.

“வேற எங்கயும் எழுதி வைக்கலயா?” என்று கேட்டேன்.

“எழுதல அக்கா. அதுதான் சர்டிபிகேட்டே இருந்துச்சே.”

‘மிஸ்’ என்று சொல்லாமல் அக்கா என்றது கோபத்திலா, தளர்ச்சியிலா தெரியவில்லை. அப்போதுதான் எனக்குத் தட்டுக்குள் விழும் வட்டங்களின் நினைப்பு வந்தது. குத்தும் இயந்திரத்துக்கு அடியில் ஒரு தட்டு இருக்கும். வெட்டுப்பட்ட காகிதத் துண்டுகள் பயற்றம்பருப்பு அளவில் அதில் விழும். தட்டை மாலையில் குப்பைப் பையில் கொட்டிவிடுவோம். திங்கட்கிழமைப் பை கடைக்குப் பின்னால் இன்னும் கிடந்தது, மாநகரசபை ட்ரக்டர் புதன்கிழமைதான் வரும்.

நான் பின்னால் போய்ப் பையை இழுத்துவந்து ஒரு பழைய பேனர் துணியின் மேல் கவிழ்த்தேன்.

குப்பையைப் பற்றி எழுதக் கூச்சமில்லை எனக்கு. தேயிலைச் சக்கை, நனைந்த கடதாசிக் கோப்பை, முதலாளி துப்பிய சூயிங்கம், யாரோ சளி சிந்திய டிஷூ, முந்தைய நாள் மீன் சோற்றுப் பொட்டலத்தின் தாள். அவற்றுக்கிடையே ஆயிரக்கணக்கில் வெள்ளை வட்டங்கள், சக்கைத் தண்ணீரில் ஊறிப் பழுப்பாகி. மீன் நாற்றத்தில் எனக்குக் குமட்டியது. பெண்ணும் தாவணியால் மூக்கை மூடிக்கொண்டு எதிரில் குந்தினாள். ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பார்த்தோம். பத்து நிமிடத்தில் கைப்பிடி அளவுகூட முடியவில்லை.

அப்பா மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“இப்படிப் பொறுக்குனா தீவாளிக்குத்தான் முடியும்” என்றார். “நான் பேக்டரியில தேயிலத் தூள் சலிக்கிற வேலதான் செஞ்சேன் மிஸ். ஒரு தட்டு குடுங்க.”

காகித ரீம் வரும் அட்டைப் பெட்டியின் மூடியைக் கொடுத்தேன். அவர் குப்பையில் ஒரு பங்கை அதில் போட்டு, குந்தியிருந்தபடியே சாய்த்துத் தட்டினார். ஈரச் சக்கை அட்டையில் ஒட்டி நின்றது. காகித வட்டங்கள் நழுவிக் கீழ் ஓரத்தில் சேர்ந்தன. அவற்றை வேறொரு தாளில் கொட்டினார். அதை வெயிலில் வைத்து, லேசாக ஊதி, மறுபடி தட்டினார்.

“அப்பா, எச்சி தெறிக்குது” என்றாள் மகள்.

“வெத்தல போடாமதான் வந்திருக்கேன் புள்ள. ஒங்கம்மா பையில வைக்கவே இல்ல.”

அவள் சிரித்துவிட்டாள். அழுத கண்ணோடு. எனக்குச் சிரிப்பு வந்ததை அடக்கினேன், அந்தச் சிரிப்பில் எனக்குப் பங்கில்லை.

வெறும் வெள்ளையை ஒதுக்கினோம். கறுப்பு அச்சு உள்ளவற்றை ஒதுக்கினோம். நீல மை உள்ளவை பதினெட்டோ பத்தொன்பதோ தேறின. என் போனின் கமராவைப் பெரிதாக்கி ஒவ்வொன்றாகப் பார்த்தோம். சில கையெழுத்தின் வால்கள், சில கோடுகள். முதலாளி இரண்டு முறை எட்டிப் பார்த்து, முன்னால் ஆள் நிற்கிறார்கள் என்றார். மூன்றாவது முறை, “பிள்ள, இது என்ன கூத்து?” என்றார். நான் நிமிரவில்லை.

பெண்தான் கண்டாள். ஒரு வட்டத்தில் இரண்டு இலக்கம், அருகருகே, அதே நீலம், அதே சாய்வு. சான்றிதழின் துளையில் வைத்துப் பார்த்தோம். ஆனால் வட்டத்துக்கு மேல் எது, கீழ் எது? ஒரு பக்கம் பார்த்தால் அறுபத்தெட்டு. திருப்பினால் எண்பத்தொன்பது. ஓரத்து மை ஊறிப் பரவியிருந்ததால் கோடு எதோடு பொருந்துகிறது என்றும் சொல்ல முடியவில்லை.

“ரெண்டையும் சொல்லிப் பாப்போம்” என்றேன். “ரெண்டு இலக்கம் தேடுறது முழுப் பதிவேட்டையும் தேடுறத விட லேசுதானே. நானும் வாறேன்.”

கடைசி இரண்டு வார்த்தையை நான் யோசித்துச் சொல்லவில்லை.

முதலாளி கேட்டார். “இப்ப போனா யாரு மெஷின் பாக்கிற?”

“அரை நாள் லீவு தாங்க.”

“யாரோட வேலைக்கு நீங்க லீவு எடுக்கிற?”

“நான் செஞ்ச வேலைக்கு.”

அவள் பிறப்பைப் பதிந்த செயலகம் பன்வில. அங்கே போகும் பஸ்ஸில் மூவரும் ஏறினோம். வத்தேகம தாண்டிய பிறகு அவள் கேட்டாள், அக்காவுக்கு எந்த ஊர் என்று. வாய்க்குள் குண்டசாலை வந்து நின்றது. நான் எங்கள் தோட்டத்தின் பெயரைச் சொன்னேன். அப்பா திரும்பிப் பார்த்தார்.

“எந்த டிவிசன்?”

“மேல் டிவிசனுங்க.”

“அப்ப நம்ம பக்கத்துப் புள்ளதானா” என்றார். “நேத்தே சொல்லியிருந்தா நான் வாயத் தொறந்திருப்பேனே. பட்டணத்து மிஸ்னுதான் பயந்துட்டேன்.”

அவர் குற்றம் சொல்லும் குரலில் சொல்லவில்லை. அதனால்தான் அது உள்ளே போய்க் குத்தியது. எனக்குப் பயந்த ஒருவர் அதுவரை இருந்ததில்லை. இருந்தால் பெருமையாக இருக்கும் என்று நினைத்திருக்கிறேன்.

செயலகத்தில் மேசையில் இருந்த உத்தியோகத்தர் அம்மா சிங்களவர். சான்றிதழை ஒரு பக்கமாகத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். துளைகளின் வழியே ஜன்னல் தெரிந்தது.

“மேக்க கவுத கலே?” என்றார். இதை யார் செய்தது என்று.

அவள் அப்பா வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டு, என் பள்ளிக்கூடச் சிங்களத்தில், நான்தான் என்றேன். கடையில் வேலை செய்கிறேன், வாசிக்காமல் குத்திவிட்டேன் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் பேசினில் சுருளைத் தூக்கும்போது பார்க்கும் பார்வை அது. பிறகு காகித வட்டத்தைப் பார்த்து, அதில் ஒட்டியிருந்த தேயிலைத் துணுக்கைத் தன் பேனாவின் மூடியால் தள்ளிவிட்டு, இரண்டு இலக்கத்தையும் எழுதிக்கொண்டார்.

ஒன்றரை மணிநேரம் வாங்கில் உட்கார்ந்திருந்தோம். அறுபத்தெட்டில் தொடங்கியது வேறு யாரோ ஓர் ஆண்பிள்ளை. எண்பத்தொன்பது அவள்.

புதுப் பிரதி கையில் கிடைத்ததும் அவள் அதை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தாள். அந்த அம்மா அதோடு விடவில்லை. பரீட்சைச் சான்றிதழை எடுத்துக் காட்டி, இதை என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டார். இதைக் கொழும்பில்தான் மாற்ற வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள் நடக்காது. தாளை வேண்டுமென்றே சேதப்படுத்தியதாகவோ, ஏதோ பழைய கட்டிலிருந்து உருவியதாகவோ நேர்முகத்தில் நினைக்கக்கூடும். துளை எப்படி வந்தது என்று அந்தக் கடையே ஒரு கடிதம் எழுதிக் கொடுக்கட்டும், அவர்கள் ஏற்பார்களா என்பது அவர்கள் விருப்பம், ஆனால் கடிதம் இல்லாமல் போக வேண்டாம் என்றார்.

புதன்கிழமை காலை முதலாளியிடம் கேட்டேன். கடையின் பெயர் உள்ள தாளில் நாலு வரி போதும் என்றேன்.

“பைத்தியமா பிள்ள? எழுத்தில குடுத்தா நாளைக்கு அவங்க என்ட கழுத்தப் பிடிப்பாங்க. குடுத்தது அவங்க.”

“துண்டு வச்சிருந்தாங்க. நான் வாசிக்கல்ல.”

“அத நீங்க யாருக்கும் சொல்லாட்டி யாருக்குத் தெரியும்?”

“எனக்குத் தெரியும். அவங்க அப்பா ரெண்டு தரம் சொல்ல வந்தார். நான்தான் விடல்ல.”

“அவருக்காக நீங்க ஏன் பாடுபடுற? சொந்தமா?”

“பக்கத்துத் தோட்டம்” என்றேன். “நானும் தோட்டம்தான்.”

அவர் என் முகத்தைப் பார்த்து, “உங்களப் பாத்தா அப்படித் தெரியாதே” என்றார். அதைப் பாராட்டாகத்தான் சொன்னார். நல்ல வார்த்தை சொல்லிவிட்ட திருப்தி அவர் முகத்தில் இருந்தது. மூட்டையிலிருந்து எத்தனை மயிரை இழுத்திருக்கிறேன், எதுவும் அந்த முகத்தைப்போல என்னை அருவருக்க வைத்ததில்லை. எனக்கு வந்த கோபத்தில் பாதி என்மேல்தான். ஒன்றரை வருடமாக அந்தப் பாராட்டுக்காகத்தானே நான் பேச்சையும் நடையையும் மாற்றிவைத்திருந்தேன்.

அன்று மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் கணினியின் முன்னால் உட்கார்ந்தேன். கடையின் பெயர் போட்ட தாளைத் தொடவில்லை. வெள்ளைத் தாளில், தமிழிலும் சிங்களத்திலும் அடித்தேன். இன்ன திகதியில் இந்த மாணவியின் தந்தை அசல் சான்றிதழ்களையும் அவற்றைத் துளைக்க வேண்டாம் என்ற குறிப்பையும் என்னிடம் ஒப்படைத்தார். அந்தக் குறிப்பை வாசிக்காமல் சான்றிதழ்களில் துளையிட்டது நான். இதில் மாணவியின் தவறோ அவருடைய தந்தையின் தவறோ எதுவுமில்லை. கீழே என் பெயர், அடையாள அட்டை இலக்கம். முகவரி கேட்கும் இடத்தில் வாடகை அறையின் முகவரியை எழுதாமல், லய இலக்கம், மேல் டிவிசன், தோட்டம், பன்வில என்று முழுவதுமாக எழுதினேன். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் கையொப்பமிட்டேன். அடித்ததை மேலிருந்து கீழாக மூன்று தரம் வாசித்தேன்.

வியாழக்கிழமை மாலை பஸ் நிலையத்தில் அவள் வந்து கடிதத்தை வாங்கினாள். நின்றபடியே முழுவதையும் வாசித்தாள்.

“அக்கா, இதுல கட பேரு இல்லயே.”

“கடை தராது. இது நான் தாறது.”

“அவுங்க ஒங்கள ஏதும் செய்ய மாட்டாங்களா?”

“நீ நாளைக்கு எத்தன மணிக்குப் போகணும்?”

“ஏழு மணி பஸ்சு.”

“அப்ப போய்ப் படு. கேட்டா, நேரா பாத்துப் பதில் சொல்லு. அழுவாத.”

அவள் கடிதத்தை மடிக்காமல் கோப்புக்குள் வைத்தாள். என்னை மன்னித்தாளா என்று தெரியாது, நானும் கேட்கவில்லை. பஸ் ஏறும்போது திரும்பிப் பார்த்து, “என்ன நடந்துச்சுன்னு போன் எடுத்துச் சொல்றேன்” என்றாள்.

வெள்ளிக்கிழமை நான் கடையை வழக்கத்தைவிட முன்னதாகவே திறந்தேன். எழுதிக் கொடுத்ததை மறைக்க வேண்டாம் என்று, கடிதத்தின் இரண்டாவது பிரதியிலும் கையொப்பமிட்டு, முதலாளியின் மேசையில், அவர் வந்து அமர்ந்ததும் முதலில் கண்ணில் படும் இடத்தில் வைத்தேன். அப்போது மணி ஏழேகால். அவளுடைய பஸ் புறப்பட்டிருந்தது.